மூன்று மிதி

வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு பதுளைக்கு வரும் லொறியில் என் மாமா மூட்டை தூக்கும் வேலை பார்த்தார். அம்மாவின் ஒரே தம்பி; பக்கத்து வீட்டில்தான் இருந்தார். முதுகில் ஒரு மூட்டையை வாங்கிக்கொண்டு, "இன்னொண்ணையும் போடு" என்று சொல்லிவிட்டு, பலகை மேல் ஆடாமல் அசையாமல் நடந்து போகிற ஆள். சந்தையில் இருப்பவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டு அவர் நடப்பதைப் பார்ப்பார்கள் என்று அப்பா சொல்வார். அப்படிப்பட்ட மனிதரை ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு சவர்க்காரக்கட்டி சாய்த்துவிட்டது.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் பின்னால், மலையிலிருந்து தண்ணீர் வந்து கொட்டுகிற பீலியில் மாமா குளித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்ததாக நான் வாளியோடு நின்றிருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. கை நழுவி விழுந்த சவர்க்காரத்தை எடுக்க அவர் குனிந்தார். குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். சவர்க்காரம் கண்ணில் படவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "ஒங்க கால்கிட்டதான் கெடக்கு மாமா" என்றேன்.

"அது தெரியுது," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே. "நிமிரத்தான் முடியல. ஓடிப்போய் ஒங்கப்பாவ கூட்டிட்டு வா."

அப்பா ஒரு பக்கமும் லயத்தில் துணி தைத்துக் கொடுக்கும் டைலர் அண்ணன் மறு பக்கமும் பிடித்து அவரை லயத்து வாசல் வழியாக நடத்திக்கொண்டு வந்தார்கள். தலையில் நுரை அப்படியே இருந்தது. இடுப்புக்கு மேலே உடம்பு தரைக்குச் சமமாக நீட்டிக்கொண்டிருந்தது. வரிசையாக இருந்த பன்னிரண்டு வீட்டு வாசல்களிலும் ஆட்கள் நின்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டைலர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் சாவு வீட்டுக்குப் போகிறவர் முகம் போல இருந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. சித்திரை வருசப்பிறப்பு விளையாட்டுப் போட்டிக்கு இன்னும் மூன்றே நாள். அதில் எல்லாவற்றுக்கும் கடைசியாக நடப்பது கயிறிழுத்தல். தோட்டத்தின் மேல் டிவிசனில் இருக்கும் நாங்கள் ஒரு பக்கம், கீழ் டிவிசன்காரர்கள் ஒரு பக்கம். மூன்று வருடமாகத் தொடர்ந்து அவர்கள்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயிப்பது போதாதென்று, வருடம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் அவர்கள் பிள்ளைகள் எங்களைக் கண்டால் கயிறு பிடிப்பது மாதிரி கையை வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து காட்டுவார்கள். இந்த வருடம்தான் மாமா லொறிக்காரரிடம் சண்டை போட்டு லீவு வாங்கியிருந்தார். கயிற்றின் கடைசி நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு மலை மாதிரி நிற்கப்போவது அவர்தான். டைலர் அண்ணன் எங்கள் அணிக்குக் கேப்டன். ஒரு வாரமாகச் சவுக்கு மரத்தில் கயிற்றைக் கட்டி இழுத்துப் பழகினார்கள். மாமா இழுத்ததில் மரமே கொஞ்சம் சாய்ந்துவிட்டதாக டைலர் அண்ணன் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் எங்கள் வீடு வைத்தியசாலை ஆகிவிட்டது. அப்பா தைலக் குப்பியைத் திறந்து, தேங்காய் துருவுகிற வேகத்தில் தேய்த்தார். தேய்த்த கையால் நெற்றியைத் துடைத்து, கண் எரிந்து, மாமா அழுவதற்கு முன்னால் அப்பா அழுதார். அம்மா அவரைத் தள்ளி உட்காரச் சொன்னாள். இரும்புச் சட்டியில் கல்லுப்பைப் போட்டு, படபடவென்று வெடிக்கும் வரை வறுத்து, பழைய துணியில் முடிச்சாகக் கட்டி, முதலில் தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, மாமாவின் இடுப்பில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார். "அப்பிடித்தான்க்கா, அங்கதான், அங்கதான்" என்று முனகினார். ஒத்தடம் ஆறியதும் மறுபடி சட்டி, மறுபடி உப்பு. சாயங்காலம் ஆகும்போது மாமா தரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு எதிர்ச் சுவரின் அடிப்பாகத்தைப் பார்க்கும் அளவுக்கு நிமிர்ந்திருந்தார்.

மறுநாள் அப்பா அவரைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். லீவு நாள் என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். பஸ்ஸில் இடம் கிடைத்தும் மாமாவால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அரைவாசி குனிந்தபடி நின்றார். கண்டக்டர் இரண்டு தடவை அவரைத் தாண்டிப் போனார். மூன்றாவது தடவை சிங்களத்தில், சில்லறை எதுவும் விழுந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு, அவரும் குனிந்து சீட்டுக்கு அடியில் தேட ஆரம்பித்தார். பின்னால் இருந்த இரண்டு பேரும் எழுந்து தேடினார்கள். மாமா வெட்கத்தில் இன்னும் குனிந்துகொண்டார். ஒன்றுமே விழவில்லை என்று அப்பா விளக்குவதற்குள் பஸ் ஹாலிஎலையைத் தாண்டிவிட்டது.

டாக்டரம்மா மாமாவின் காலைத் தூக்கிப் பார்த்தார், பாதத்தைக் கிள்ளிப் பார்த்தார். எலும்பில் ஒன்றும் இல்லை, தசை பிடித்திருக்கிறது என்றார். மாத்திரை எழுதினார். நாள் முழுக்கப் படுத்தே கிடக்கக்கூடாது, மெதுவாக நடக்க வேண்டும், பாரம் மட்டும் தூக்கவே கூடாது, கால் மரத்துப்போனால் உடனே ஓடி வர வேண்டும். "கயிறு இழுக்கலாங்களா?" என்று மாமா கேட்டார். அவர் என்ன கேட்கிறார் என்று டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. அப்பா மாமாவை வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

திரும்பி வரும் வழியில் பஜாரில் எங்களுக்குப் பழக்கமான ஒரு முஸ்லிம் நானாவின் மருந்துச் சரக்குக் கடையில் ஏறினோம். மாமா உள்ளே வந்த கோலத்தைப் பார்த்ததுமே நானா எழுந்து பின் தட்டிலிருந்து ஒரு எண்ணெய்ப் போத்தலை எடுத்து வைத்துவிட்டார். "சூடாக்கிப் பூசுங்க தம்பி. ஆனா அமத்தித் தேய்க்கப்படாது. தடவணும், அவ்வளவுதான்," என்றார். அப்பா வேறு எங்கோ பார்த்தார். கடையில் நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருத்தர் பலகையில் படுக்கச் சொன்னார். ஒருத்தர் நொச்சி இலை போட்டு வெந்நீர் வார்க்கச் சொன்னார். எருக்கிலையை வாட்டிக் கட்டச் சொன்ன ஒரு அம்மா, எருக்கிலை எங்கே கிடைக்கும் என்பதற்கு மொனராகலையில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டு விலாசத்தையே சொன்னார். உலகத்தில் இத்தனை பேருக்கு இடுப்புப் பிடித்திருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு ஒரே உற்சாகம். வீட்டில் இப்படி ஏதாவது நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

மூன்றாம் நாள் அத்தையின் முறை. அத்தை என்றால் மாமாவின் மனைவி. கல்யாணத்துக்கு முன்னால் பண்டாரவளையில் துணிக்கடையில் வேலை பார்த்தவள். எங்கள் லயத்தில் தொடுதிரை போன் முதலில் வந்தது அவள் கையில்தான். இடுப்பு வலிக்கு என்ன உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று அதில் தேடி எடுத்துவிட்டாள். சிக்னல் கிடைப்பது எங்கள் வீட்டு ஜன்னலோரம் மட்டும்தான் என்பதால், அரிசி டின்னில் போனைச் சாய்த்து வைத்து, அதற்கு முன்னால் பாயை விரித்து, மாமாவை முழங்காலும் கையும் ஊன்றி நிற்கச் சொன்னாள்.

"இப்ப முதுக மேல தூக்குங்க. பூன சோம்பல் முறிக்கும்ல, அந்த மாதிரி. மூச்ச விடுங்க. இப்ப முதுக கீழ எறக்கி தலைய தூக்குங்க. மாடு மாதிரி."

"மொதல்ல பூனயா, மாடா?"

"அந்தப் பொம்பள செய்றதப் பாத்து செய்ங்க."

மாமா பூனையானார். சரியாக அந்த நேரத்தில் படம் நின்று, திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அந்தப் பெண் பூனையாகவே நின்றாள். மாமாவும் பூனையாகவே நின்றார். "அடுத்து என்ன செய்யணும்?" என்று வயிற்றைப் பார்த்துக் கேட்டார். "இருங்க, சுத்துது" என்றாள் அத்தை. ஜன்னலில் லயத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் தொங்கிக்கொண்டு "மாடு! மாடு!" என்று கத்தினோம். அம்மா வந்து எங்களை விரட்டினாள். பிறகு மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சோடு கட்டிப்பிடிப்பது, ஒவ்வொரு காலாக, எண்ணி எண்ணி. மாமா அலுத்துக்கொண்டே செய்தார். ஆனால் முடித்துவிட்டு எழுந்தபோது, எங்கள் கண்களைப் பார்த்துப் பேசினார். இப்போது நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிற நான், காலையில் எழுந்ததும் அதே பூனையாகவும் மாடாகவும் மாறிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறேன். அன்றைக்கோ அதைப்போல ஒரு கோமாளித்தனம் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த ராசாத்தி அக்கா எங்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். கடைசி வீட்டுக்காரி. அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவள். மாமா இன்னும் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டு, "ஏன் இவ்வளவு கஷ்டப்படுறீங்க? காலால பொறந்த புள்ளய வீட்டுலயே வச்சிக்கிட்டு!" என்றாள்.

"யாரு?" என்றார் டைலர் அண்ணன். அவர் அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

"இந்தா நிக்கிறாளே, இவதான். இவ அம்மாவ பதுளை ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோறதுக்குள்ள தோட்டத்து லொறியிலயே பொறந்துட்டாள்ல. நான்தான பக்கத்துல இருந்தேன். தல வரணும்னு பாத்தா கால் வருது! காலால பொறந்தவங்க மூணு மிதி மிதிச்சா எந்தப் பிடிப்பும் நிக்காது."

லொறியில் பிறந்தது எனக்குத் தெரியும். காலால் பிறந்தது தெரியாது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அதுவரைக்கும் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன். சேறு காய்ந்து, ஒரு விரலில் நகம் பெயர்ந்து, சாதாரணமாகத்தான் இருந்தன. ஆனாலும் உள்ளங்காலில் ஏதோ குறுகுறுவென்று ஏறுவதாக எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

"புள்ளைக்கு முன்னால என்ன பேச்சுக்கா இது," என்றாள் அம்மா.

"எந்தக் கால் மொதல்ல வந்துச்சு?" என்று டைலர் அண்ணன் ராசாத்தி அக்காவைக் கேட்டார். அதுதான் முக்கியமாம். அக்கா யோசித்தாள். இருட்டாக இருந்தது, சரியாக ஞாபகம் இல்லை என்றாள். இரண்டு பேரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"நான் அப்ப கால் எண்ணிக்கிட்டா இருந்தேன்?" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள், முதுகில் ஏறி மிதித்தால் என்ன ஆகும் என்று சத்தம் போட்டாள். டைலர் அண்ணன் கெஞ்சினார். போட்டி நாளைக்கு. மாமா என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய் பீலியில் இரண்டு காலையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, தரையில் படாமல் இருக்க அப்பாவின் பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருந்தேன். என்னைப் பார்த்த பிறகு அத்தையே கொஞ்சம் இறங்கி வந்தாள். "சரி, ஆனா நான் இவள தூக்கிப் பிடிச்சுக்குவேன். பாரம் போடக்கூடாது. கால் சும்மா பட்டா போதும்."

ராசாத்தி அக்கா சட்டங்களைச் சொன்னாள். மிதிக்கிறவள் பேசக்கூடாது. சிரிக்கக்கூடாது. மூன்றே மூன்று மிதி. நாலாவது மிதித்தால் போன பிடிப்பு திரும்பி வந்துவிடும். எந்தக் கால் என்று தெரியாததால் ஒரு மிதிக்கு இரண்டு காலையும் ஒன்றாக வைப்பது என்று முடிவானது.

வீட்டுக்கு முன்னால் உள்ள இஸ்தோப்பில் பாய் விரித்து மாமா குப்புறப் படுத்தார். பாதி லயம் கூடிவிட்டது. அத்தை என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். மாமாவின் முதுகு மூட்டை தூக்கித் தூக்கித் தடித்துப்போய், எண்ணெய்ப் பூச்சில் பளபளவென்று இருந்தது. ஒன்று. உள்ளங்காலில் சூடாகப் பட்டது. இரண்டு. யாரோ இருமினார்கள், எல்லாரும் அவரை முறைத்தார்கள். மூன்று வைக்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம்.

"கேட்டுச்சா?" என்று கத்தினார் டைலர் அண்ணன். "கேட்டுச்சு!" என்றது கூட்டம்.

மாமா மெதுவாகக் கையை ஊன்றினார். முழங்காலுக்கு வந்தார். சுவரைப் பிடித்து எழுந்தார். பிறகு சுவரை விட்டார். நேராக நின்றார்! இஸ்தோப்பின் கூரைத் தகரம் தலையில் இடிக்கும் அளவுக்கு நிமிர்ந்து நின்றார். நான் அத்தையின் கையிலிருந்து துள்ளிக்கொண்டு இறங்கினேன். டைலர் அண்ணன் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் ஓடினார். அந்த 'டொக்' என் பெருவிரலில் சொடக்கு விழுந்த சத்தம்தான். எனக்கு அது அப்போதே தெரியும். ஆனால் சட்டப்படி நான் பேசக்கூடாதல்லவா?

மறுநாள் மைதானத்துக்குக் கீழ் டிவிசன்காரர்கள் தப்பு அடித்துக்கொண்டு வந்தார்கள். மாமாவின் இடுப்புப் பிடித்த கதை அவர்களுக்கு எட்டியிருந்தது. நாலைந்து பையன்கள் இடுப்பில் கைவைத்துக் குனிந்து நடந்து, கீழே எதையோ தேடுவது மாதிரி நடித்தார்கள். ஒருத்தன் நிஜமாகவே ஒரு சவர்க்காரக்கட்டியைக் கொண்டுவந்திருந்தான். அந்த நேரத்தில் எங்கள் ஆட்களுக்கு நடுவிலிருந்து மாமா நிமிர்ந்து நடந்து வந்தார். தப்புச் சத்தம் நின்றது. அந்த நடையை நான்தான் கொடுத்தேன்!

ஆனால் மாமா கயிற்றைத் தொடப்போவதில்லை. அத்தையிடம் காலையிலேயே சத்தியம் செய்துகொடுத்திருந்தார். ஓரத்தில் நின்று சத்தம் கொடுப்பது மட்டும்தான் அவர் வேலை. முதல் தடவை எங்களைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். இரண்டாவது தடவை அவர்களில் இரண்டு பேர் ஈரப் புல்லில் வழுக்கி விழுந்ததில் நாங்கள் ஜெயித்தோம். மூன்றாவதுதான் முடிவு. டைலர் அண்ணன் மாமாவைப் பார்த்தார். மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை தலையை ஆட்டவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அவர் இழுக்காவிட்டால் நான் மிதித்ததற்கு என்ன அர்த்தம்?

"மாமா! அதான் நான் மிதிச்சிட்டேன்ல! இழுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அத்தையிடம், "இழுக்க மாட்டேன். சும்மா நிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் போய், கடைசியில் நின்றவரை விலக்கிவிட்டுக் கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டார்.

சொன்ன மாதிரி அவர் இழுக்கவில்லை. குதிகாலை மண்ணில் புதைத்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து, நின்றார். "ஐ...லசா! ஐ...லசா!" என்று அவர் கொடுத்த சத்தத்துக்கு முன்னால் இருந்த பதினோரு பேரும் ஒரே ஆள் மாதிரி அசைந்தார்கள். கயிறு இந்தப் பக்கமும் போகாமல் அந்தப் பக்கமும் போகாமல் நடுங்கியது. அத்தை சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் ராசாத்தி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். திடீரென்று எதிர்ப்பக்கத்தில் ஒரு கால் பெயர்ந்தது, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாமே. எங்கள் ஆட்கள் பன்னிரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். மைதானமே எழுந்து ஆடியது. நான் சவர்க்காரம் கொண்டுவந்த பையனைத் தேடிப் போய், அவன் முன்னால் நின்று, என் கால்களை மட்டும் காட்டினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் பரிசாகக் கிடைத்த பெரிய அலுமினியத் தேக்சாவிலேயே இறைச்சிக் கறி சமைத்து லயமே சாப்பிட்டது. நானா கடை எண்ணெய்தான் வேலை செய்தது என்றார் அப்பா. பூனைப் பயிற்சி என்றாள் அத்தை. மற்ற எல்லாரும் என் கால் என்றார்கள். அம்மா கறி பரிமாறிக்கொண்டிருந்தாள். மாமா கடைசி வரைக்கும் உட்காரவே இல்லை, நின்றுகொண்டே சாப்பிட்டார். சந்தோசத்தில் மனிதருக்கு உட்காரக்கூட மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த ஒரு வாரமும் அவர் லொறிக்குப் போகவில்லை. சாத்தியிருந்த கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தபோது, உள்ளே மறுபடியும் பூனையாக நின்றுகொண்டிருந்தார். அத்தை கதவைத் திறந்து, "நல்லா இருக்கவங்களும் செய்யலாம். நீ போய் வெளையாடு," என்றாள். அதையும் நம்பினேன்.

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் ராசாத்தி அக்கா கதையைப் பரப்பிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் எங்கள் இஸ்தோப்பில் ஆறு பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் கொழுந்து எடுப்பவர்கள். எனக்கு ஒருத்தி பிஸ்கட் பைக்கட் கொண்டுவந்தாள், ஒருத்தி இரண்டு கொய்யாப்பழம், ஒருத்தி தலைக்கு வைக்கிற கிளிப். நான் கால் அழுக்காகாமல் இருக்கப் போட்டிருந்த பள்ளிக்கூடச் சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, கால் கழுவிக்கொண்டு வந்து பாய்க்குப் பக்கத்தில் நின்றேன். என்னைத் தூக்கிப் பிடிக்க இப்போது அத்தை தேவைப்படவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் நின்று மறுகாலால் ஒற்றி, பிறகு கால் மாற்றி ஒற்றி எடுக்கும் வித்தையை நானே கற்றுக்கொண்டிருந்தேன்.

ஒருத்தி படுப்பாள். மூன்று மிதி. "அடுத்த ஆள்!" என்பேன். பாதிப் பேர் மிதித்து முடித்தும் எழும்ப மாட்டார்கள். பாயில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, கண்மூடிக் கிடப்பார்கள். ஒருத்தி குறட்டையே விட்டாள். நான் அவர்களைத் தோளில் தட்டி எழுப்புவேன். வைத்தியம் செய்யும் இடத்தில் தூங்குகிறார்களே என்று எனக்குக் கோபமாக வரும். அம்மா உள்ளிருந்து வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியாக ராசாத்தி அக்கா படுத்தாள். மூன்று மிதி முடிந்தது. அவள் அசையவில்லை. கீழ்க்கோடியிலிருந்து அவள் வீட்டுக்காரர் கூப்பிட்ட சத்தம் கேட்டது. சோறு ஆக்கியாகிவிட்டதா என்று கேட்டார். அக்கா தலையைத் தூக்காமலே, "வைத்தியம் நடக்குது!" என்று கத்தினாள்.

"முடிஞ்சிருச்சுக்கா," என்றேன்.

"இன்னொரு தரம் மிதியேன் தங்கம்."

"நாலாவது மிதிச்சா திரும்பி வந்துரும். நீங்கதான சொன்னீங்க."

"சரி, மிதிக்க வேணாம். சும்மா கால வச்சிக்கிட்டு நில்லு. கொஞ்ச நேரம்."

அப்படி ஒரு வைத்தியம் இல்லையே என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. மேலும், கீழே பிள்ளைகள் மட்டையும் பந்தும் எடுத்து எல்லே அடித்து விளையாடத் தொடங்கியிருந்தார்கள். எனக்காக அங்கே காத்துக்கொண்டிருந்தார்கள். "அதெல்லாம் முடியாது, எழும்புங்க," என்று பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். அக்கா எழுந்து உட்கார்ந்து, கொண்டையை முடிந்துகொண்டாள். "எப்பிடிக்கா இருக்கு?" என்று கேட்டேன். "இப்ப பரவாயில்ல" என்று சிரித்தாள். சேலையை உதறிக்கொண்டு, அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள். என் கால் மறுபடியும் வேலை செய்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

நான் விளையாட ஓடப்போன நேரத்தில் அம்மா கோப்பைகளை அள்ள வெளியே வந்தாள். பாயைத் தாண்டாமல் அதன் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றாள். "ஒனக்கும் மிதிக்கவாம்மா?" என்று அவசர அவசரமாகக் கேட்டேன். உள்ளே அடுப்பில் சோறு பொங்கி மூடி தட்டுகிற சத்தம் கேட்டது. "எனக்கென்ன, நீ போ," என்று சொல்லிவிட்டு, குனிந்து கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் நான் எல்லாரிடமும் ஒரு விசயத்தைச் சொல்லிப் பெருமையடித்தேன். தோட்டத்துப் பொம்பளைகள் அத்தனை பேருக்கும் முதுகு வலி, நான்தான் மிதித்துச் சரியாக்குகிறேன், ஆனால் எங்கள் அம்மாவுக்கு மட்டும் முதுகு வலி என்பதே கிடையாது என்று.